சாம்ராஜ் காருக்கு எஃப்.சி. கிடைத்த வரலாறு

பேச்சு முடியும்வரை எழுந்து போக முடியாத பொறுப்பில் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, மாலை தங்களுக்கும் உண்டா என்று எட்டிப் பார்க்கும் மேடைப் பெரியோர்களே! தேரடித் திடலை நிறைத்திருக்கும் தோழர்களே! பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் ஒரு பேச்சு உண்டு என்பதை யாரும் சொல்லாததால் நேரத்தோடு வந்துவிட்ட தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'முயற்சி' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். முயற்சியைப் பற்றி நூல்களில் நிறைய இருக்கிறது. நம் ஸ்டாண்டில் ஒரு கார் இருக்கிறது. நான் காரைப் பற்றிப் பேசுகிறேன்.

யாருடைய கார்? அதோ, நான்காவது வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணன் சாம்ராஜ் அவர்களின் கார். எத்தகைய கார்? அமெரிக்காவில் பிறந்து, ஒரு ஜமீனில் வளர்ந்து, ஏலத்தில் விழுந்து, சங்கரன்கோவிலில் எழுந்த கார். எட்டு சிலிண்டர் கார். போதாதா என்றால், சாம்ராஜுக்குப் போதவில்லை. பட்டறைக்காரர் இப்ராஹீம் பாயிடம் சொல்லி, இருந்த கார்புரேட்டரோடு இன்னொன்றையும் மாட்டினார். கார்புரேட்டர் என்பது எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற சாதனம். ஒரு வாய்க்கு இரண்டு பேர் சோறு ஊட்டினால் என்ன ஆகும்? வேகமாக வளரும், கூடவே புரையேறும். காருக்குப் புரையேறினால் அதன் பெயர் கரும்புகை.

வேகம் என்றால் வேகம். கார் பனவடலிசத்திரம் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் புகை சங்கரன்கோவிலிலேயே நின்று வழியனுப்பிக்கொண்டிருக்கும். சாலையோரக் காடுகளில் பருத்தி கறுப்பாக வெடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லக் கூடாது என்பதால் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

வாடகைக் கார் ஓட வேண்டுமானால் ஆண்டுதோறும் எஃப்.சி. வாங்க வேண்டும், அதாவது, இந்த வண்டி சாலைக்குத் தகுதியானது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாங்கம் நேரில் வராது. நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் அதிகாரி முகாமுக்கு வருவார். சைலன்சருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். சட்டத்தில் கைக்குட்டை இல்லை; ஆனால் அந்தக் கைக்குட்டையில் சட்டம் இருந்தது.

முதல் முகாமில் கைக்குட்டை கறுத்தது. இரண்டாம் முகாமுக்குச் சைலன்சரில் தேங்காய் நாரைத் திணித்துக்கொண்டு போனார்கள். இந்தமுறை புகையோடு நாரும் வெளியே வந்து அதிகாரியின் மீசையில் அமர்ந்தது. அடுத்த முகாமிலும் தேறாவிட்டால் பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார்.

பெர்மிட் போனால் என்ன? உலகம் அழிந்துவிடுமா? உலகம் அழியாது. சாம்ராஜ் தன் மச்சான் பவுல்பாண்டியனின் லாரிக்கு டிரைவராகப் போக வேண்டும், அவ்வளவுதான். யாரோ பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம் ஐயா. மனைவியின் அண்ணனிடம் மாதச் சம்பளம் வாங்கி, அதை அந்த மனைவியிடமே கொண்டுபோய்க் கொடுப்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இதோ, சிரிப்பு நின்றுவிட்டது. பவுல்பாண்டியன் நல்லவர், முன்யோசனை உள்ளவர். தங்கை வீட்டுக்குத் தையல்காரரை அனுப்பி, காக்கிச் சட்டைக்கு அளவெடுக்கச் சொன்னார்.

அன்று மாலையே சாம்ராஜ் பட்டறைக்குப் போனார். இப்ராஹீம் பாய் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று: இரண்டாவது கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும்.

"ஓட்டம் போயிட்டா அது காரா வே? கட்டை வண்டில்லா?" என்றார் சாம்ராஜ்.

"சரி அண்ணாச்சி, விடும். மச்சான் லாரிய ஓட்டும்போது ஓட்டத்தப் பத்தி யோசிச்சுக்கிடும்."

கார்புரேட்டர் கழன்றது. எஞ்சின் சுத்தமாயிற்று. கார் பெருமூச்சு விடுவதை நிறுத்தி, மூச்சு மட்டும் விட்டது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை? நமக்கு ஒரு சங்கம் இருக்கிறது; சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. நம் ஸ்டாண்டிலிருந்து எந்த வண்டி எஃப்.சி.க்குப் போனாலும் தேங்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, சாம்பிராணி போட்டுத்தான் அனுப்புவது. சாம்ராஜோ கிறிஸ்தவ சபைக்காரர். ஜெபம் பண்ணிவிட்டுப் போவேன்; வேறொன்றும் வேண்டாம் என்றார். சங்கம் கூடியது. வண்டி தோற்றால் ஸ்டாண்டுக்கு அவமானம். சாம்பிராணி போட்டால் சாம்ராஜுக்கு மனவருத்தம். வழக்கமும் கெடக் கூடாது, மனமும் நோகக் கூடாது. இந்த இக்கட்டிலே ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் யார்? பெயர் சொல்ல மாட்டேன். தலைவர் அவர்கள் இப்போது மேசை விரிப்பிலுள்ள பூக்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வழி இதுதான். முகாம் நாளன்று காலை, சாம்ராஜ் தம் சபைக் கோவிலுக்குள் ஜெபத்தில் இருந்தபோது, வெளியே நின்ற காரின் டிக்கியைத் திறந்து, கங்கு நிறைந்த தூபக்காலை உள்ளே வைத்து, தாராளமாகச் சாம்பிராணியைத் தூவி, டிக்கியை மூடிவிட்டார்கள். அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. ஆனால் கவலையில் இருப்பவனின் ஜெபம் நீளும் என்று சங்கம் எண்ணியது தப்பு. பெருங்கவலையில் இருப்பவன் ஒரே வரியில் ஜெபித்துவிடுகிறான். சாம்ராஜ் விறுவிறுவென்று வந்தார், ஏறினார், கிளப்பினார், போயே போய்விட்டார். சங்கம் வாடகை சைக்கிளில் பின்னாலேயே துரத்தியது.

முகாமிலே அதிகாரி குனிந்தார், கைக்குட்டையைப் பிடித்தார். சாம்ராஜ் ஆக்சிலேட்டரை மிதித்தார். கைக்குட்டை வெள்ளை! மறுபடி மிதித்தார். வெள்ளை! வெளுத்த பருத்தியின் வெள்ளை! அதிகாரி வியந்து நிமிர்ந்தார். அவர் மூக்குக்கு நேராக, டிக்கியின் இடுக்குகளிலிருந்து, கமகமவென்று கிளம்பியது புகை.

வரிசையில் நின்றவர்களெல்லாம் பின்வாங்கினார்கள். அந்த டிக்கிக்கு அடியில்தான் பெட்ரோல் டாங்கி. காக்கிச் சட்டைப் பொட்டலத்தோடு வந்திருந்த பவுல்பாண்டியன், சட்டையை விட்டுவிட்டு ஓடினார். சாம்ராஜ் மட்டும் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கப்பலோடு மூழ்குகிற மாலுமி என்று இதை வருணிக்கலாம். கதவுக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று என்று அவரே பின்னால் சொன்னார்.

அந்த நேரத்தில் சைக்கிளில் வந்து சேர்ந்த சங்கம், வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு டிக்கியைத் திறந்து, தூபக்காலைத் தூக்கி வெளியே வைத்தது. அதிகாரி சங்கத்தைப் பார்த்தார்.

"என்ன வே இது?"

"சாம்பிராணிய்யா."

"எதுக்கு?"

"புகை டெஸ்ட்டுல பாஸாகணும்னுதான்."

அதிகாரி தூபக்காலைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வண்டி பாஸு. நீங்கதான் வே ஃபெயிலு."

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் நான் பேச வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

எஃப்.சி. கிடைத்ததும் நம் ஸ்டாண்டில் நடக்கும் சடங்கு உங்களுக்குத் தெரியும். முகாமுக்குப் போகும் கார் மணமகள் மாதிரி, நகையெல்லாம் இரவல். அன்று சாயங்காலமே நான்கு புது டயர்களும் கழன்று தலைவர் காருக்குப் போயின. ஹாரன் நம் ஸ்டாண்டு டிரைவர் சங்கரபாண்டியின் காருக்குப் போயிற்று. முதலுதவிப் பெட்டி, உள்ளே ஒன்றும் இல்லாமலேயே, அடுத்த முகாமுக்குக் காத்திருந்த வண்டிக்குப் போயிற்று. எல்லாம் போன பிறகு, இப்ராஹீம் பாய் கழற்றிய கார்புரேட்டரை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்து, "மாட்டிருவமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

வேகத்துக்காகவே வாழ்ந்த மனிதர் அந்தக் கார்புரேட்டரை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் பாய். இன்னிக்கு வண்டில இருந்ததெல்லாம் ஊரான் சாமான். புகை இல்லாதது ஒண்ணுதான் எனக்குச் சொந்தம். அதையும் ஏன் கழத்தணும்?"

சபையோரே! சோதனை நாளில் சுத்தமாக இருப்பது யாருக்குத்தான் முடியாது? அதிகாரி வரும் நாளில் அலுவலகம் சுத்தம். சம்பந்தி வரும் நாளில் வீடு சுத்தம். தேர்தல் வரும் நாளில் சாலை சுத்தம். சோதிப்பவர் போன பிறகு, பார்ப்பவர் யாரும் இல்லாத போது, பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமல் இருக்க முடிகிறதா? நம்மில் எத்தனை பேருக்கு முடிகிறது? நம் ஸ்டாண்டில் ஒருவருக்கு முடிந்தது. அதற்குத்தான் இன்று அவருக்கு இந்த மாலை மரியாதை. எஃப்.சி.க்கு அல்ல.

அந்தக் கார் இப்போது மெதுவாகத்தான் போகிறது. போன வாரம் திருவேங்கடம் சாலையில் டவுன் பஸ் அதை முந்திப் போயிற்று. அதன் பிறகு பவுல்பாண்டியனின் லாரி முந்திப் போயிற்று. லாரி விட்டுப்போன புகைக்குள்ளே சாம்ராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன் சொந்தக் காரில், தன் சொந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், எழுந்து போகாத பெரியோர்களுக்கும், கச்சேரியை மறந்துவிட்டதாக நடித்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி, சாம்ராஜ் அண்ணனை மேடைக்கு அழைத்து, உங்கள் எல்லோரையும் வணங்கி அமர்கிறேன்.