சாலைக்குக் கிழக்கே விதைத்தது

க்ளோவர் என்கிற தீவனப் பயிரின் விதையை ஆழமாகப் போடக் கூடாது. மார்ச்சில் பனி உருகி மண் வெடிப்பு விடும்போது மேலாகத் தூவிவிட்டால் தானே இறங்கிக்கொள்ளும். கோடைக்கு சோயா, செப்டம்பரிலிருந்து ஓட்ஸ், உறைபனிக்குப் பிறகு டர்னிப். இப்படிக் கலந்து வைத்தால் மான்கள் வருஷம் முழுக்க உங்கள் நிலத்தை விட்டுப் போகாது. சொல்லிக்கொடுத்தவர் என் கணவர் லாயிட்.

அவர் இருந்தவரை பயிர் வீட்டுக்குப் பின்னால், சாலைக்கு மேற்கே இருந்தது. மான்கள் பகலில் படுத்திருக்கும் சதுப்புக் காடும் மேற்கேதான். அவர் இறந்தபின் நான் ஏன் சாலைக்குக் கிழக்கே விதைத்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

என் மகள் ட்வைலாவும் அவள் கணவன் ராய்ஸும் அரை மைல் தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். ராய்ஸ் டவுனில் வெல்டர். கெட்டவன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, விஸ்கான்சின் குளிர் போதும், அடுத்த வருஷம் நவம்பருக்குள் டெக்சாஸுக்குக் குடிபோகப் போகிறோம் என்றான். ட்வைலா தலையாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்தினேன்.

அவன் தினமும் பொழுது சாயும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் என் வீட்டு முன்னால் இருக்கும் சாலை வளைவைத் தாண்டிப் போவான். மான்கள் எழுந்து மேய்ச்சலுக்கு வருவதும் அதே நேரம். அந்த வசந்தத்தில் வளைவுக்கு எதிரே, கிழக்குப் பக்கம் விதைத்தேன். காட்டோரம் நெடுக மரங்களைச் சாய்த்துப் போட்டு, வளைவில் மட்டும் பத்தடி வழி விட்டேன். மான் எப்போதும் சுலபமான வழியைத்தான் எடுக்கும்.

பக்கத்துப் பண்ணை எம்மெட் ஒரு நாள் வேலியில் சாய்ந்துகொண்டு, "நீதான் ஒண்ணையும் சுடுறதில்லையே ஆர்டிஸ், அப்புறம் யாருக்கு இத்தனை தீனி?" என்றார். அவை வந்து போவதைப் பார்த்தாலே எனக்குப் போதும் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

முதல் அக்டோபரில் ஒரு நர்ஸின் கார் அங்கே மானில் மோதிப் பள்ளத்தில் இறங்கியது. நான்தான் கம்பளி எடுத்துப்போய்ப் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோள் எலும்பு மட்டும் முறிந்தது. இடம் சரியாக அமைந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பிறகு மான் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை அங்கே நட்டார்கள். என் கொட்டகையில் நீங்கள் எடுத்தது அதுதான். நான் பிடுங்கியது.

அடுத்த செப்டம்பரில் அவர்கள் சாமான்களைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்தார்கள். ராய்ஸ் என்னைக் கேலி செய்தான். "மானுக்கு வெக்கிற தீனில பாதி எங்களுக்கு வெச்சிருந்தா, நாங்க ஏன் ஊரை விட்டுப் போறோம்?" நானும் சிரித்தேன்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ட்வைலா டவுனிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, என் கார் மெக்கானிக்கிட்ட நிக்குது. ராய்ஸ்கூட பைக்ல வந்துடறேன். உன் வீட்லயே சாப்பிட்டுட்டுப் போறோம்."

ஜன்னல் வழியே பார்த்தேன். ஓட்ஸில் மூன்று மான்கள் நின்றன. காட்டோரம் இன்னும் சில காதை ஆட்டிக்கொண்டு காத்திருந்தன. சர்ச் பக்கமாகச் சுற்றி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் போனவள் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். நிதானமாகத்தான் யோசித்தேன்.

"சரிம்மா, சூப் சூடா இருக்கு. வாங்க" என்றேன்.

ராய்ஸ் அந்த வளைவிலேயே இறந்துவிட்டான். ட்வைலாவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. குரலும் போய்விட்டது. புத்தி தெளிவாக இருக்கிறது என்கிறார் டாக்டர். இப்போது அவளுடைய பழைய அறையில், கிழக்கு ஜன்னலோரம் படுக்க வைத்திருக்கிறேன். மான்கள் வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது.

நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வருகிறேன். ஆனால் என்னைப் போல அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண் சிமிட்டும்படி ஆஸ்பத்திரியில் பழக்கியிருக்கிறார்கள். அம்மாவோடு இருப்பது சந்தோஷம்தானே என்று தினமும் காலையில் கேட்கிறேன். இரண்டு தடவை சிமிட்டுகிறாள். பாவம், அவளுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.