குதிரைக்குத் துணை

வில்லியனூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் வாங்கி முடித்ததும் தங்கை சொன்னாள்.

"குதிர வாங்கலாம்னு இருக்கேன்க்கா."

ஜன்னலோரம் இருந்த அக்கா மெதுவாகத் திரும்பினாள். "யாரு ஏறுறதுக்கு?"

"நான்தான். காலையில சவாரி கத்துக்கப் போறேன் இல்ல, அங்க இருக்குற பொட்டக் குதிர. அத விக்கப் போறாங்க. கல்யாண ஊர்வலத்துக்குக் கேக்குறாங்களாம். வெடிச் சத்தம் கேட்டாலே அது நடுங்கும்க்கா."

"எங்க கட்டுவ?"

"மாமியாரோட மனை சும்மாதான கெடக்கு. மழையில தண்ணி நிக்காது. கொட்டாய் போட்டுக்கலாம்."

"ஒடம்புக்கு முடியலன்னா?"

"மாட்டு டாக்டருகிட்ட பேசிட்டேன். அவரு பல்லு, காலு, கொளம்பு எல்லாம் பார்த்துட்டுச் சொன்னாதான் வாங்குவேன்."

"நீ வெளியூர் போனா?"

"எங்க வீட்டுக்காரரு தீனி வெக்கக் கத்துக்கிட்டாரு. மொதல்ல கிட்டவே போவல. இப்ப அது அவரு சட்டைய மோந்து பாக்குது."

"நாய்க்குட்டி இல்லடி. இருபது வருஷத்துக்கு மேல உசுரோட இருக்கும்."

"தெரியும்க்கா. அதுக்கும் தயார்தான். ஒண்ணுதான் எனக்கு வழி தெரியல. குதிர ஒண்டியா இருந்தா ஏங்கிப் போயிடும். ரெண்டு குதிர நம்மால முடியாது."

பஸ் மூலக்குளம் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"ஆடு கூட இருந்தா போதுமா?"

"போதும்னுதான் சொல்றாங்க."

"அப்ப நாளைக்கு எங்க வீட்டு ஆடு ரெண்டையும் குதிர இருக்குற எடத்துக்கு ஓட்டிக்கிட்டு வரேன். ஒத்துப் போவுதான்னு பாப்போம்."