நோர்விக் துறையில் திருப்பிய பலகை

பெயர் ஹில்மர் நோர்லிங். வயது 61. தகப்பனார் பெயர் அல்ப்ரெக்ட் நோர்லிங், காலமாகிவிட்டார். தொழில் செம்மறி வளர்ப்பும் மீன்பிடிப்பும். திருமணம் ஆகவில்லை. இருப்பிடம் லோங் ஏரியில் உள்ள ஆல்ஹோல்ம் தீவு, கிழக்கு வீடு. 1978 அக்டோபர் 19ஆம் தேதி காலை பத்து மணிக்கு வட்டாரக் காவல் நிலையத்தில் ஆய்வாளர் விசாரிக்க, நானாக முன்வந்து கூறுவது.

நான் பிறந்ததிலிருந்து மேற்படி தீவில்தான் குடியிருக்கிறேன். இப்போது அங்கே இரண்டு வீடுகளில்தான் ஆள் இருக்கிறது. கிழக்கே நான், மேற்கே ஹென்னிங். இறந்துபோன மாரித் என் உடன்பிறந்த தங்கை, வயது 55. அவள் நகரத்தில் வசித்து வந்தாள். பதினான்கு வருடங்களாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குக் காரணம் கேட்டதால் சொல்கிறேன். 1964 டிசம்பரில் எங்கள் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஏரி அப்போதுதான் உறைய ஆரம்பித்திருந்தது. பனிக்கட்டி ஆளையும் தாங்காது, படகுக்கும் வழி விடாது என்கிற அந்த இரண்டு வாரத்தில் அம்மா இறந்துவிட்டார். குளிர்காலத்துக்கு முன்பே அம்மாவைக் கரைக்கு அழைத்துப் போகிறேன் என்று மாரித் கேட்டிருந்தாள். நான்தான் விடவில்லை. அடக்கம் முடிந்ததும் அவள் எல்லோர் முன்னாலும், “அம்மாவ இங்க அடச்சு வச்சே கொன்னுட்ட. இனிமே இந்த வீட்டயும் ஆட்டுப்பட்டி ஆக்கிருவ, பாரு” என்றாள். அதற்கு நான், “இனி நீ வந்து பலகையத் திருப்பினாலும் நான் படக எடுக்க மாட்டேன்” என்று சொன்னேன். இதை ஊரே கேட்டது. நான் மறுக்கவில்லை.

பலகை என்பது என்னவென்று எழுத்தர் கேட்டார். கரையில் நோர்விக் துறையிலும், எதிரே தீவில் என் துறையிலும் ஒவ்வொரு கம்பம் உண்டு. கம்பத்தில் கதவளவுக்கு ஒரு பலகை, ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் கறுப்பு. தீவுக்கு வருகிறவர் கரைப் பலகையை வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். பார்த்தவர் தீவுப் பலகையை வெள்ளைக்குத் திருப்பினால், பார்த்துவிட்டேன், புறப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம். காத்திருந்தவர் துறையை விட்டுக் கிளம்பும்போது, எந்த வழியாகப் போனாலும் சரி, கரைப் பலகையைக் கறுப்புக்குத் திருப்பிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் ஒருவன் வீணாகத் துடுப்புப் போட்டு வருவான். தீவுப் பலகையை, வருகிறவர் தீவில் கால் வைத்த பிறகுதான் மறுபடி கறுப்புக்குத் திருப்புவோம். தொலைபேசி வந்த பிறகும் நாங்கள் இதை விடவில்லை.

அக்டோபர் 14ஆம் தேதி பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு நான் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது கரைப் பலகை வெள்ளையாக இருந்தது. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கையில் கூடை. ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்கிறாள். சிறு வயதிலிருந்து மாரித் அப்படித்தான் நிற்பாள். உடனே ஓடிப்போய் என் பலகையை வெள்ளைக்குத் திருப்பினேன். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

அதன் பிறகு நான் படகை அவிழ்த்திருக்க வேண்டும். துடுப்புப் போட்டால் கால் மணி நேரம்தான். அவிழ்க்கவில்லை. ஏனென்றால், நோய்வாய்ப்பட்ட செம்மறி ஒன்று எட்டு நாளாக என் சமையலறை அடுப்போரம் கிடந்தது. தரையெல்லாம் வைக்கோல், புழுக்கை, மூத்திர வாடை. அவள் பதினான்கு வருடத்துக்கு முன் சொன்னது அப்படியே பலித்துக் கிடந்தது. அதை அவள் கண்ணில் படவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் ஆட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டேன். அதன் பிறகு வைக்கோலை வாரிக் கொட்டினேன். அதன் பிறகு சோப்புப் போட்டுத் தரையை இரண்டு முறை தேய்த்தேன். அதன் பிறகு முகம் மழித்துச் சட்டை மாற்றினேன். காப்பிக்குத் தண்ணீர் வைத்து, அம்மாவின் நீலக் கோப்பைகளில் இரண்டை எடுத்து மேசையில் வைத்தேன். பதினான்கு வருடம் காத்திருந்தவள் கொஞ்ச நேரம் காத்திருக்க மாட்டாளா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று முப்பதுக்கு வெளியே வந்து பார்த்தேன். கரைப் பலகை கறுப்பாக இருந்தது. துறையில் ஆள் இல்லை. நகரத்துக்குத் திரும்பும் பேருந்து ஒன்று இருபத்தைந்துக்கு. அவள் கோபித்துக்கொண்டு அதில் ஏறிப் போய்விட்டாள் என்று முடிவு செய்தேன். பலகை கறுப்பானால் அங்கே ஆள் இல்லை. அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். எனக்கும் கோபம் வந்தது. உள்ளே போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடித்தேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டீர்கள். பாதி வழி வரை தெரிந்திருக்கும், அதற்கு இப்பால் நாணல் மறைத்துவிடும்.

மூன்று மணி அளவில் ஹென்னிங் தன் படகில் என் துறைக்கு வந்தான். வந்தவன், “என்னப்பா ஹில்மரு, இன்னைக்கு மொகமெல்லாம் மழிச்சு மாப்பிள்ளையாட்டம் இருக்க” என்று கேலி பேசினான். அதன் பிறகு, “ஒங்கப்பா படகு நாணல் பக்கம் கவுந்து மெதக்குதே, அத யாரு எறக்குனது?” என்று கேட்டான்.

அப்பாவின் பழைய படகு நோர்விக் துறையில் படகுக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கோடையாகக் கவிழ்ந்து கிடந்தது. மரம் காய்ந்து இடுக்கு விட்டிருக்கும். அப்படிப்பட்ட படகை, மரம் உப்பி இடுக்கு அடைய இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போடாமல் யாரும் எடுக்க மாட்டார்கள். நாங்கள் இருவரும் உடனே போனோம். தீவுக் கரைக்கு நூற்றைம்பது மீட்டர் தூரத்தில், நாணலுக்குள் மாரித் முகம் குப்புறக் கிடந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. அது அவள் வலது கையில் மாட்டியிருந்தது. அதைக் கொண்டுதான் தண்ணீரை இறைத்திருக்கிறாள். நான் அவளைப் படகில் தூக்கிப் போட்டேன். உடம்பு சில்லிட்டிருந்தது. ஹென்னிங் சொன்னதைக் கேட்டு, தீவுக்குப் போகாமல் நேரே கரைக்கே கொண்டுவந்தோம், ஆம்புலன்ஸ் அங்கேதான் வரும் என்பதால். மருத்துவர் பார்த்து உயிர் இல்லை என்றார்.

கூடை மறுநாள் கிடைத்தது. அதில் ஏலக்காய் ரொட்டி ஊறிப் போயிருந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு புதுச் சட்டை இருந்தது. கழுத்தளவு நாற்பத்து மூன்று. அம்மா இருந்த காலத்தில் என் அளவு அதுதான். இப்போது நாற்பதே எனக்குத் தொளதொளக்கும்.

ஊரில் நான் வேண்டுமென்றே பழி தீர்த்தேன் என்று பேசுகிறார்கள். அவள் கோபத்தில்தான் அப்பாவின் படகை எடுத்தாள் என்று நான் நான்கு நாள் நினைத்திருந்தேன். கோபம் என்று நினைத்தபோது தாங்கிக்கொள்ள முடிந்தது. நேற்று ஆய்வாளர், பால் லாரி ஓட்டும் ஸ்தூரே கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒன்று பதினைந்துக்கு அவன் நோர்விக் துறையில் லாரியை நிறுத்தியபோது மாரித் தனியாக அந்தப் படகைப் புரட்டிக்கொண்டிருந்தாளாம். அவனும் ஒரு கை கொடுத்திருக்கிறான். படகு காய்ந்து கிடக்கிறதே, பேருந்து வருகிற நேரம், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அதற்கு அவள் சொன்னது இது: “எங்கண்ணன் வெள்ள காட்டிட்டான், தம்பி. காட்டிட்டு வராம இருக்கிற ஆளு இல்ல அவன். அவனுக்கு என்னமோ ஆயிருச்சு. பாதி வழி போறதுக்குள்ள மரம் ஊறிரும், நீ தள்ளு.”

கொட்டகைக்குப் பின்னால், என் கண்ணுக்கு மறைவான இடத்தில்தான் படகை இறக்கியிருக்கிறார்கள். படகில் ஏறி உட்கார்ந்தவள் மறுபடி இறங்கி, முழங்கால் நனையத் திரும்பி வந்து, பலகையைக் கறுப்புக்குத் திருப்பிவிட்டுப் போனாளாம். பதினான்கு வருடம் தீவை மிதிக்காதவள் அதை மறக்கவில்லை. அதை மறந்து அப்படியே விட்டுப் போயிருந்தால், ஒன்று முப்பதுக்கு நான் வெள்ளையைப் பார்த்துப் படகை எடுத்திருப்பேன், நடு ஏரியில் அவளைப் பிடித்திருப்பேன்.

வேண்டுமென்று தாமதித்தீரா என்று கேட்டதற்கு, ஆம், வேண்டுமென்றுதான் தாமதித்தேன். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று. இதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது. எந்தப் பெயர் வைத்தாலும் ஒத்துக்கொள்கிறேன்.

என் துறையில் உள்ள பலகை இன்றுவரை வெள்ளையாகவே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஏரியில் போகிறவர்கள் படகை நிறுத்தி, யாரைக் கூட்டிவரப் போகிறாய் என்று கேட்கிறார்கள். மாரித் தீவில் கால் வைக்கவில்லை, அதனால் நான் அதைத் திருப்ப முடியாது. விசாரணைக்குத் தேவை என்றால் காவல்துறையினர் கழற்றிக்கொண்டு போகட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இதை எழுத்தர் எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. சேர்க்கவோ நீக்கவோ எதுவும் இல்லை. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைக் கூறவில்லை.

(ஒப்பம்) ஹில்மர் நோர்லிங்