கருமணல் கலந்த ஆயில்

எஞ்சின் ஆயிலை இருநூற்றைம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சார். பல விசைப்படகுக்காரர்கள் அது கறுத்துக் கூழாகும்வரை ஓட்டுவார்கள். ததேயுஸ் அப்படியில்லை. தவறாமல் என்னைக் கூப்பிடுவார். குளச்சலில் பதினெட்டு வருடம் அவருடைய எஞ்சினுக்கு நான்தான் மெக்கானிக்.

புரட்டாசியில் ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னார்.

"ரசலையண்ணே, உங்களுக்க கை நடுங்குது. இனி எஞ்சின அந்த மெக்கானிக் பய ஷாஜன் பாக்கட்டும்."

அன்பாகத்தான் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

ஐப்பசி பிறந்ததும் அவரிடம் போனேன். "கடைசியா ஒருக்கா நான் ஆயில் மாத்தித் தாறேன்."

"அதுக்கென்ன அண்ணே, மாத்துங்க. உங்களுக்க கைராசியிலதானே இது ஓடுது."

மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கும் கருமணலைப் பார்த்திருப்பீர்கள். மாவு போல இருக்கும், இரும்பையே ராவித் தேய்த்துவிடும். புது ஆயிலில் இரண்டு கைப்பிடி கலந்தேன். ஃபில்டர் மணலைப் பிடித்துவிடும் என்பதால் அதை உள்ளே கிழித்துவிட்டு மாட்டினேன். அன்று என் கை நடுங்கவில்லை. எட்டு மணி நேரத்தில் பேரிங் இறுகி எஞ்சின் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒன்பது மணி நேரம் ஓடியதாகப் படகில் போன செல்வன் சொன்னானாம். நல்ல ஆயில் அது.

காற்று வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் திரும்பிவிடலாம் என்று ததேயுஸ் கிளம்பினார். எஞ்சின் நின்ற படகை அலை புரட்டிப் போட்டது. கடலுக்குப் போனது ஐந்து பேர். செல்வன் மட்டும் உயிரோடு வந்தான்.

ததேயுஸின் மனைவி கிரேசி என்னிடம்தான் கேட்டாள். "அண்ணே, எஞ்சினு நல்லாத்தானே இருந்து?"

"நல்லாத்தான் இருந்து மக்கா."

அதோடு இருந்திருப்பேன். எஞ்சின் அவன் பொறுப்பு என்று நீங்கள் ஷாஜனைப் பிடித்ததால்தான் வந்தேன். அவனுக்கு இவ்வளவு சுத்தமாக வேலை செய்யத் தெரியாது, சார்.

யாரையும் கொல்ல நான் நினைக்கவில்லை. எஞ்சின் நடுக்கடலில் நிற்க வேண்டும். ததேயுஸ் வயர்லெஸில் என்னைக் கூப்பிட வேண்டும். 'அண்ணே, நீங்க வரணும்' என்று அவர் சொல்வதைத் துறைமுகமே கேட்க வேண்டும். அவ்வளவுதான் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் படகின் வயர்லெஸ் செட் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பழுது என்று சொல்லி, ஆயில் மாற்றிய அன்றே நான் கழற்றிக்கொண்டு வந்தேன். ஒரு நடை அது இல்லாமல் போய்வரலாம் என்று அவரும் விட்டுவிட்டார். அதில் ஒரு பழுதும் இல்லை.