பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ஃபுட்பால் பேசுனது

இல்லீங்க, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பதுல இந்தியா வேர்ல்டு கப்புக்குப் போகலைங்கறதுக்காக இந்த வருசம் எம்பொண்ணு கல்யாணம் நிக்கோணுமா? நீங்களே சொல்லுங்க. ஆமாங்க, ஃபுட்பால்தான். கிரிக்கெட்டுன்னாக்கூட நாலு பேரு நம்ம பக்கம் பேசுவாங்க. இதுக்குப் போயி சம்பந்தம் முறியுதுன்னா வெளிய சொல்றதுக்கே வெக்கமா இருக்குது.

பைய இப்படிக் கீழ வெச்சுக்கோங்க, நான் தள்ளி உக்காந்துக்கறேன். எங்க எறங்கறீங்க... லவ்டேலா? அப்ப நேரமிருக்குது. நான் பிக்கட்டில ஏறுனேன், ஊட்டி வரைக்கும் போறேன்.

எங்கூட்டுக்காரரப் பத்தி மொதல்ல சொல்லோணும். பேரு பிராங்ளின். டீ ஃபேக்டரில மெஷின் பாக்கறாரு. இருவத்தேழு வருசமா குடும்பம் நடத்தறோம், என்ற பொறந்த நாள் என்னிக்குன்னு கேட்டா முழிப்பாரு. ஆனா நம்ம நாட்டு டீமு எந்த வருசம் யாருகிட்ட எத்தன கோல் வாங்குச்சுன்னு கேளுங்க... தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். நான் சட்னி அரைக்கப் போனா பக்கத்துல வந்து நின்னுட்டு நாப்பத்தெட்டு லண்டன் ஒலிம்பிக்ஸ் சொல்லுவாரு. ஃபிரான்ஸ் ரெண்டு, நாம ஒண்ணு. நமக்கு ரெண்டு பெனால்டி கெடச்சுதாம், ரெண்டையும் விட்டுட்டாங்களாம். அதச் சொல்றப்ப என்னமோ நான்தான் வெளிய அடிச்சாப்பல என்னையவே பாப்பாரு. மிக்ஸியப் போட்டா நிறுத்துவாருன்னு பாத்தா, சத்தம் அடங்கற வரைக்கும் இருந்து, விட்ட எடத்துலருந்து ஆரம்பிப்பாரு.

ஜெயிக்கற டீமா இருந்தாலாவது பரவால்லீங்க. அம்பத்தொண்ணுல ஏசியன் கேம்ஸ் தங்கம், அறுவத்திரண்டுல இன்னொரு தங்கம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு. போன நவம்பர்ல டாக்காக்குப் போயி பங்களாதேஷ்கிட்டத் தோத்தாங்க. அன்னிக்கு இவரு சோறு திங்கல. ஆசையா மீன் கொழம்பு வெச்சிருந்தேன்... நான் ஒருத்தியே உக்காந்து தின்னேன். எனக்கும் எறங்கல, அது வேற விசயம்.

எங்க விட்டேன்... ஆங், கல்யாணம். எம்பொண்ணு ஸ்டெபி ஊட்டில ஒரு லேப்ல வேல பாக்கறா. அங்கயே வேல பாக்கற பையன் ஆல்வின். ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. பையனும் தங்கமான பையன், சர்ச்சுல கீபோர்டு வாசிக்கறான். அவங்கப்பா சில்வஸ்டர் சாரு, ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு பொண்ணு பாக்க வர்றதாச் சொன்னாங்க.

நான் முந்துன நாளே எங்கூட்டுக்காரர உக்கார வெச்சு, "இங்க பாருங்க, நாளைக்கு ஃபுட்பால்ங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது. ஸ்டெபி மேல சத்தியம் பண்ணுங்க"ன்னேன். பாவம், பண்ணுனாரு.

வந்தாங்க. வர்க்கி, டீ, எல்லாம் ஆச்சு. உள்ள பிரியாணி தம்முல இருக்குது. பேச்செல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்த சாரு செவுத்துல மாட்டியிருந்த ஃபேக்டரி டீமு போட்டோவப் பாத்துட்டாரு. எங்கூட்டுக்காரரு கால்ல பூட்ஸ் இல்லாம நிப்பாருங்க அதுல. பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே, "பூட்ஸ் இல்லாமப் போயிதான நம்ம நாடு அம்பதுல வேர்ல்டு கப்பை விட்டுது"ன்னாரு.

எங்கூட்டுக்காரருக்குக் கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது. என்னையப் பாத்தாரு. நான் கண்ணக் காட்டுனேன். மனுசன் டீயக் குடிச்சுட்டாரு.

அப்ப ஒரு குரலு, "இல்லீங் சார், பூட்ஸெல்லாம் சும்மா கத. அன்னிக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெருசுன்னு நெனச்சாங்க, இத யாரும் மதிக்கல. கப்பல் செலவுல பெரும் பங்கத் தர்றேன்னு பிரேசில்காரங்க சொல்லியும் போகல"ன்னுச்சு.

யாரு குரலா... என்னுதுதாங்க.

என்ன பண்றது, இருவத்தேழு வருசம் காதுல விழுந்தது வாய் வழியா வந்துருச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். அந்த சாரும் பெரியமனுசத்தனமா, "அப்படிங்களா"ன்னு விட்டுட்டாரு. எனக்குத்தான் நிக்கல. அம்பத்திரண்டுல குளுருல வெறுங்காலோட ஆடி யூகோஸ்லாவியாகிட்டப் பத்துக்கு ஒண்ணுன்னு தோத்தப்பொறவுதான் பூட்ஸ் போட்டே ஆகோணும்னு ஆச்சுன்னேன். பையனோட அம்மா, பிரியாணி வாசம் நல்லாருக்குதுன்னு பேச்ச மாத்திப் பாத்தாங்க. நான் பிரியாணி பக்கமே போகலீங்க.

கடைசில அவரு, "அறுவத்து நாலு ஏசியன் கப்புல நாம ரெண்டாவது வந்தோம், அதுவாவது சரிதானம்மா?"ன்னு கேட்டாரு. சமாதானத்துக்குக் கேக்கறாரு, புரியுதுங்களா? நான், "தப்பு சார், அதுல நாமதான் மொதலு"ன்னேன்.

"நாப்பது வருசம் புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவன்மா நானு"ன்னாரு.

"தப்பாவே எடுத்திருந்தா யாரு கேக்கப் போறாங்க"ன்னேன்.

சொன்னப்பொறவுதான் எனக்கே கேட்டுது. அவரு எந்திரிச்சாரு. மூணு பேரும் செருப்பப் போட்டுக்கிட்டாங்க. ஆல்வின் மட்டும் படில நின்னு ஒருக்கா திரும்பி ஸ்டெபியப் பாத்தான்.

பதினேழு நாளாச்சு. ஸ்டெபி என்கிட்டப் பேசறதில்ல. வேலைக்குப் போறப்ப டிபன் பாக்ஸ வாங்கிக்குவா, மொகத்தப் பாக்க மாட்டா. எங்கிட்டத்தான் இருக்குது தப்புன்னு ஒத்துக்க முடியாம, வருசம் முச்சூடும் ஃபுட்பால் பேசுன எங்கூட்டுக்காரரையே நான் திட்டிட்டு இருந்தேன். நேத்துத்தான் அவருகிட்டக் கேட்டேன், "அறுவத்து நாலுல நாம மொதலுதான?" ன்னு.

"ரெண்டாவது. இஸ்ரேல்தான் மொதலு"ன்னாரு.

"அட, அப்ப அந்த சாரு சொன்னது சரியா? அன்னிக்கே சொல்றதுக்கு என்னங்க?"

"நீதான பொண்ணு மேல சத்தியம் வாங்குன"ன்னாரு.

கோவப்படவும் முடியல, அழுகவும் முடியல. அதான் கெளம்பிட்டேன். அவருக்கு ஷிஃப்ட்டு. நான் போயி அந்த சாருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தர்றேன்...

இருங்க, போனு. அந்த சில்வஸ்டர் சாரேதானுங்க.

ஹலோ... ஆமாங்கண்ணா, பஸ்ஸுலதான் வர்றேன். ஸ்டெபி சொன்னாளா? ஆல்வின் சொன்னானா... சரிங்கண்ணா. அண்ணா, நான் அன்னிக்குப் பேசுனது தப்புங்க. அறுவத்து நாலும் தப்பு, உங்க தொழிலச் சொன்னது அதவிடத் தப்பு... இல்லீங்க, மனசுலருந்துதான் சொல்றேன்... அக்காவும் இருக்கறாங்களா... தேதியா? இன்னிக்கேங்களா? ரொம்ப சந்தோசமுங்கண்ணா...

என்னங்கண்ணா? அம்பத்தாறு மெல்போர்ன் ஒலிம்பிக்ஸா... ஆஸ்திரேலியாவ நாம நாலுக்கு ஒண்ணுன்னு...

...

சரிங்கண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வந்தர்றேங்க.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அழுகறேன். தேதி குறிக்கலாம் வாங்கன்னுட்டாருங்க. இந்நேரம் ஸ்டெபிக்கு ஆல்வின் சொல்லியிருப்பான்.

லவ்டேல் வந்துருச்சா? பையப் பாத்து எடுங்க... ஏனுங்க, ஒரு நிமிசம். நாலுக்கு ரெண்டுங்க அது. அவருகிட்ட இனி இந்த ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது. உங்களுக்காவது தெரிஞ்சிருக்கட்டும்.