புது இக்னிஷன் காயில்

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் செராமிக் கம்பெனி வேலை முடிந்து வரும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி.

"பைக்குக்குப் புது இக்னிஷன் காயில் மாட்டுனியே, எப்பிடி இருக்குது? நானும் மாட்டலாமா?"

"மாட்டு. ஒரே ஒதையில ஸ்டார்ட் ஆவும். நான்தான் கழட்டிட்டேன்."

"ஏன்டா?"

"செத்துப்போன அண்ணன் வண்டி அது. புது காயில் போட்டதும், அவன் ஓட்டுனப்ப இருந்த சத்தம் அப்பிடியே வந்துடுச்சி. சாயந்தரம் நான் வந்து நிறுத்துறதுக்குள்ள அம்மா அவன் பேரச் சொல்லிகிட்டே ஓடியாறாங்க. என்னப் பாத்ததும் பேசாம உள்ள போயிடுறாங்க. தெனமும் இதேதான்."



"பழசையே மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன். பாதி நாளு கெளம்பறதே இல்ல. அதான் பஸ்ஸு."

"அம்மா?"

"சத்தம் கேக்கலியா, அவன் இன்னும் வரலன்னு வாசல்லயே ஒக்காந்துருக்காங்க."