பின்சீட்டு ஸ்பீக்கரில் கேட்டது

விடியற்காலை நாலரை மணி. ஊரை விட்டு வெளியே போகிற நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் பொட்டல்... விளக்குக் கம்பம் கிடையாது, கடை கிடையாது, எதிரே ஒரு லாரிகூட வராது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரே ஒரு கார் போகும். பழைய வெள்ளைக் கார். முன்னால் ஓட்டுகிறவர். பின்சீட்டில் ஒரு தலையணை, அதன்மேல் ஒரு தலை.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பாதியில் துணைக்குக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன்.

இது என் நண்பனின் பெரியண்ணன் கண்ணால் பார்த்தது. கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருக்கிறார். எந்நேரமும் கையில் சால்டரிங் அயர்னும் ஈயக் கம்பியுமாக இருப்பதால் அவருக்கு 'ஈயம்' என்றே பேர் விழுந்துவிட்டது. அவர் மனைவிகூடப் போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். பேய், பிசாசு என்றால் சிரிப்பார். உலகத்தில் எந்தச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு லூஸ் கனெக்‌ஷன் இருக்கும் என்பது அவர் கட்சி.

வெள்ளைக் கார் அவருடைய பக்கத்துத் தெருக்காரருடையது. நிலம் அளக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் சர்வேயர். அவர் மனைவி டீச்சர். டீச்சருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடம். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு கிலோமீட்டர். ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் மெஷின் கிடைக்கும். இனி குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காரை சர்வேயர் வாங்கியதே பின்சீட்டுக்காகத்தான். அகலமான சீட்டு, டீச்சர் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம். எத்தனை கை மாறி வந்த கார் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். ரொம்பத் தூரத்தில் இருக்கிறாள். தினமும் ராத்திரி அம்மாவுக்காகப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். ஆபீசில் யாரோடு சண்டை, குழந்தைக்கு எந்தப் பல் விழுந்தது... அரைமணி நேரம் போகும். டீச்சர் அதைக் காரில் கேட்க ஆசைப்பட்டார். என்ஜின் இரைச்சலில் போனின் குரல் எடுபடவில்லை. காதில் மாட்டிக்கொள்வதைக் கொடுத்தால் தலை வலிக்கிறது என்றார். காரில் இருந்ததோ கேசட் மட்டும் போடுகிற ஆதிகாலத்து செட்.

ஒரு ஞாயிறு பிற்பகல் சர்வேயர் காரைக் கடை வாசலில் நிறுத்தினார்.

"இதுல போனை மாட்டிக் கேக்கற மாதிரி பண்ண முடியுமா தம்பி? பின்னாடி இருக்கற ஸ்பீக்கர்ல கேட்டாப் போதும். அவ காதுகிட்ட."

"புது செட்டே போட்டுடலாமேண்ணே."

"வேணாம். டேஷ்போர்டை அறுக்கணும்பே. இதுலயே பண்ணு."

ஈயம் செட்டை உருவி எடுத்தார். மூடியைக் கழற்றினார். கேசட்டிலிருந்து வால்யூம் திருகுக்குச் சத்தம் வருகிற தடம் இரண்டையும் கத்தியால் வெட்டினார். அந்த இடத்தில், போனில் செருகுகிற ஆக்ஸ் வயரின் இடது, வலது நரம்புகளைப் பற்றவைத்தார். இனி கேசட்டிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட ஸ்பீக்கருக்குப் போக முடியாது. ஆனால் உள்ளே கேசட் சுற்றினால்தான் அந்த செட்டுக்கு உயிர் வரும். அதனால் பழைய கேசட் ஒன்றைப் பிரித்து, நாடா முழுவதையும் உருவி எறிந்துவிட்டு, வெறும் கூட்டை உள்ளே தள்ளினார். சக்கரங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

செட்டை உருவிய ஓட்டைக்குள் அவர் கையை விட்டபோது ஒரு வாசனை வந்தது. ஸ்பிரிட் வாசனை... ஈரப் பஞ்சு வாசனை. ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற கார்தானே என்று விட்டுவிட்டார்.

எல்லாம் மாட்டி, போனைச் செருகுவதற்கு முன்னால் வால்யூமைக் கூட்டிப் பார்த்தார். மெல்லிய இரைச்சல். இரைச்சலுக்கு நடுவில்... யாரோ எச்சில் விழுங்குவது போல ஒரு சத்தம். ஒரே தடவை. எர்த் சரியில்லை என்று இன்னொரு வயர் இழுத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த ஸ்பீக்கரில் மகள் பேசுவாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். நான்கு வருடத்தில் அந்தச் சாலையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாவது வாரம் டீச்சர் மகளுக்குப் போன் போட்டார்.

"நேத்து நீ பேசறப்போ பக்கத்துல யார் இருந்தா?"

"யாரும் இல்லையேம்மா. ஏன்?"

"ஒரு பொம்பளை. நீ பேசி நிறுத்தற இடத்துல எல்லாம் 'இன்னும் எவ்வளவு தூரம்'னு கேக்கறா."

மகள் அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். அவள் குரல் மட்டும்தான் இருந்தது.

சர்வேயர் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஈயம் பின்சீட்டில் டீச்சர் படுக்கிற மாதிரியே படுத்து அரைமணி நேரம் கேட்டார். ஒன்றும் இல்லை. வயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். "ஏதாவது ரேடியோ ஸ்டேஷன் புகுந்திருக்கும்ண்ணே, இதெல்லாம் சகஜம்" என்றார். சொன்னாரே தவிர, ரேடியோவை வாங்குகிற பாகமே அந்த செட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

முன்னால் ஓட்டுகிற சர்வேயருக்கு ஒருநாளும் அந்தக் குரல் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது டீச்சர் பதில் சொல்வதுதான்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா... வந்துட்டோம்."

ஸ்கூலில் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற அதே குரல்.  மனைவியைப் பயமுறுத்தக் கூடாது என்று சர்வேயர் சிரித்து வைத்தார்.

"கொஞ்சம்னு எல்லாம் சொல்லாதே. பத்தொம்பது கிலோமீட்டர், நானூறு மீட்டர்."

"உங்ககிட்ட யாரும் கேக்கல. அவ எங்கிட்டத்தான் கேக்கறா."

அப்புறம் ஒரு புதன்கிழமை டீச்சர் தானாகவே சொன்னார். "எங்கேம்மா போறேன்னு அவகிட்ட இன்னிக்குக் கேட்டேங்க. அவளுக்குத் தெரியலை. எப்பக் கிளம்பினோம்கறதும் மறந்துடுச்சாம். யாரோ இதே சீட்டுல படுக்க வெச்சாங்களாம், அவ்வளவுதான் ஞாபகமாம்... பாவங்க."

அன்று சாயங்காலமே சர்வேயர் கடைக்கு வந்துவிட்டார். செட்டையே எடுத்துவிடச் சொன்னார். ஈயம் செட்டைக் கழற்றினார், ஆக்ஸ் வயரை உருவினார், பின்பக்க ஸ்பீக்கர்களையும் பிடுங்கி எடுத்து ஓட்டையில் அட்டை வைத்து அடைத்தார். காரில் இனிச் சத்தம் எழுப்ப ஹாரன் ஒன்றுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை. நாலரை மணி. பத்து கிலோமீட்டர் போயிருப்பார்கள். டீச்சர் காலை மடக்கி, சுவரோரம் ஒதுங்குவது போல ஒரு பக்கமாக நகர்ந்து படுத்தார்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லீங்க. இவ்வளவு நாளா ஸ்பீக்கர்ல கேட்டா. இப்ப அது இல்லையே..." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல உக்காந்து கேக்கறா."

சர்வேயர் அடுத்த திங்கள் வாடகைக் கார் எடுத்தார். வழியெல்லாம் அமைதி. அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் டீச்சர் போகும்போதும் அழுதார், வரும்போதும் அழுதார். நாலு வருடம் ஊசி குத்தியபோதெல்லாம் அழாதவர். "அவ அந்தக் கார்ல தனியாக் கெடப்பாங்க. பதில் சொல்ல ஆளில்லாம." புதன்கிழமை வாடகைக் கார் வாசலில் வந்து நின்றபோது ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மெஷினைத் தவற விட்டால் இரண்டு நாளில் மூச்சு முட்டும். சர்வேயர் என்ன செய்வார்? வெள்ளைக் காரையே எடுத்தார்.

அந்தப் புதன்கிழமை மழை.

இருபதாவது கிலோமீட்டரில் டீச்சர் லேசாக இருமினார். ஒரு பெருமூச்சு. பிறகு வைப்பர் சத்தம் மட்டும்... கொஞ்ச தூரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

டீச்சர் குரல்தான். தொண்டை மட்டும் வறண்டிருந்தது. இந்தத் தடவை தன்னிடம்தான் கேட்கிறாள் என்பதில் சர்வேயருக்கு ஒரு நிம்மதி. "நாப்பத்தொண்ணு" என்றார். மறுபடி அதே கேள்வி. "முப்பத்திமூணு." மறுபடி. "தண்ணி வேணுமா?" என்றதற்கு "வேண்டாம்" என்று பதில் வந்தது. மழையில் சாலையே தெரியவில்லை, அவர் திரும்பவில்லை. "பதினொண்ணு. இதோ வந்துட்டோம்." ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போதுகூட ஒருமுறை கேட்டது. "வந்தாச்சும்மா" என்றார்.

நர்ஸ் பின்கதவைத் திறந்து கையைப் பிடித்தாள். பிடித்தபடியே சர்வேயரைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து பேசலை?"

"இப்பதானேம்மா பேசினா. கேட் பக்கத்துல வர்றப்போ."

நர்ஸ் உள்ளே ஓடினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு ஆறிவிட்டது.

மகள் வந்தாள். காரியங்கள் முடிந்தன. "என்கூட வந்துடுங்கப்பா" என்று ஒரு வாரம் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. அவள் திரும்பிப் போன இருபதாம் நாள் ஈயத்துக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பா இன்னும் வாரத்துல மூணு நாள் விடியக்காலைல காரை எடுத்துட்டுப் போறாராம். பக்கத்து வீட்டுல சொல்றாங்க. ஒருநாள் அவர்கூடப் போய்ப் பாருங்களேன், எனக்காக."

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கே ஈயம் போய் நின்றார். சர்வேயர் ஆச்சரியப்படவில்லை. "முன்னாடி உக்காரு" என்றார். தாடி வளர்ந்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. பின்சீட்டில் தலையணை இருந்தது, உறை மாற்றித் துவைத்தது.

இருட்டில் கார் போனது. ஈயம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். என்ஜின்... டயர்... அட்டை ஓட்டையில் புகுந்த காற்று. அவ்வளவுதான். சர்வேயர் மட்டும் நடுநடுவே, யாரோ கேட்டதற்குச் சொல்வது போல, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். "அம்பத்திரண்டு." கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பத்திநாலு, இருநூறு."

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

ஈயம் முன்சீட்டில்தான் இருந்தார். காரின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. ஸ்பிரிங் ஒரு முனகலோடு தளர்ந்தது. கனமான ஒன்று இறங்கினால் ஒரு கார் எப்படி உயருமோ அப்படி. கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னொரு முறை.

சர்வேயர் கதவைச் சாத்தினார். வெளியில் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டயாலிசிஸ் நான்கு மணி நேரம். நான்கு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஈயம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்ண்ணே. காரைத் தள்ளிவிட்டுடலாம். நானே ஆள் பாக்கறேன். நீங்க பொண்ணுகிட்டப் போயிடுங்க."

சர்வேயர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அன்னிக்கு மழைல நான் ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கணும் தம்பி. பாக்கல. இப்பவும் திரும்பிப் பாக்கறதில்ல... பாத்தா ரெண்டு பேர்ல யாரு எம்பொண்டாட்டின்னு எனக்குத் தெரியாமப் போயிடுமோன்னு பயம்மா இருக்கு."

"அவங்க போயிட்டாங்கண்ணே."

"போய்ச் சேந்திருந்தா கேக்க மாட்டாளே."



பத்தரை மணி. நல்ல வெயில். வாசலில் ஜனக்கூட்டம், ஸ்ட்ரெச்சர்கள், யாரோ ஒருவர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஈயம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சர்வேயர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பின்பக்கம் தாழ்ந்தது. ஒன்று.

மறுபடி தாழ்ந்தது. இரண்டு.

ஈயம் கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. ஸ்பிரிட் வாசனை வந்தது... ஈரப் பஞ்சு வாசனை. "கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கங்க" என்று சர்வேயர் மரியாதையாக உள்ளே பார்த்துச் சொன்னார்.

கார் மூன்றாவது முறை தாழ்ந்தது.

சர்வேயர் இன்னும் கதவைச் சாத்தவில்லை.